தொற்றுக் கணக்கின் நம்பகம்: குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சையை முன்வைத்து

கேள்வி

பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிட இரண்டு எண்கள் பெரிதும் பயன்படுகின்றன: இறப்பு விகிதம், தொற்று விகிதம். குழந்தை இறந்ததா இல்லையா என்பதில் இரண்டு மருத்துவர்கள் முரண்பட வழியில்லை. தொற்று ஏற்பட்டதா என்பதில் முரண்பட ஏராளமான வழிகள் உண்டு. புண்ணில் கசிந்தது சீழா, வெறும் நீரா? ரத்தத்தில் வளர்ந்த கிருமி நோய்க்குக் காரணமா, ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா? காய்ச்சல் கிருமியால் வந்ததா, இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே சில மணி நேரம் ஓடிய ரத்தத்தின் எதிர்வினையா? ஒவ்வொரு கேள்விக்கும் யாரோ ஒருவர் கேஸ் ஷீட்டைப் பார்த்து விடை எழுதுகிறார். அந்த விடைகளின் கூட்டுத்தொகைதான் ஆண்டறிக்கையில் சதவீதமாக அச்சாகிறது.

பெற்றோர் மருத்துவமனையைத் தேர்வதும், தரச்சான்று நிறுவனங்கள் மதிப்பெண் இடுவதும், மருத்துவர்களே தம் வேலையைத் திருத்திக்கொள்வதும் இந்தச் சதவீதத்தை வைத்துத்தான். அது எந்த அளவுக்கு உண்மையைக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கிடைக்கும் ஆதாரங்களைச் சீர்தூக்கிப் பார்த்து நான் வந்தடைந்த முடிவு இது: எப்படித் தேடினார்கள் என்ற விவரம் இல்லாமல் வரும் தொற்று விகிதத்தை இன்னொரு மருத்துவமனையின் விகிதத்தோடு ஒப்பிடக் கூடாது. மேலும், சரிபார்க்க வேண்டியது மொத்த எண்ணை அல்ல. குழந்தை குழந்தையாகப் பெயர்ப்பட்டியலை.

வரையறை யாரை உள்ளே விடுகிறது?

உலகின் பல நாடுகளில், இந்தியா உட்பட, மருத்துவமனைத் தொற்றை எண்ணுவதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வரையறைகளே அடிப்படை. அவற்றை நடைமுறைப்படுத்த அம்மையம் 2005 முதல் என்.எச்.எஸ்.என். என்னும் தேசிய வலையமைப்பை நடத்திவருகிறது. அறுவைப் புண் தொற்றை அது மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: தோலோடு நிற்பது, தசைவரை இறங்குவது, உறுப்பையோ உள்வெளியையோ எட்டுவது. இதய அறுவையில் மூன்றாம் வகை என்பது பெரும்பாலும் நெஞ்செலும்புக்குப் பின்னால் சீழ் கோப்பது, உயிருக்கே ஆபத்தானது. தோலளவிலான தொற்றுக்கு 30 நாள்வரையும், ஆழமானவற்றுக்கு இதய அறுவையைப் பொறுத்தவரை 90 நாள்வரையும் கண்காணிக்க வேண்டும். உடலுக்குள் செயற்கைப் பொருள் வைக்கப்பட்டிருந்தால் முன்பு ஓராண்டுவரை பார்த்தார்கள். 2013இல் அந்தக் காலம் சுருக்கப்பட்டது. அன்று முதல் நான்காம் மாதத்தில் சீழ் பிடித்த செயற்கை வால்வு அறுவைப் புண் கணக்கில் வராது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பின்தொடர்வோம். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த சிசு. எடை மூன்று கிலோ. இரண்டாம் வாரத்தில் அறுவை நடக்கிறது. இதயம் வீங்கியிருப்பதால் நெஞ்சை மூடினால் ரத்த அழுத்தம் சரிகிறது. எனவே நெஞ்செலும்பைத் திறந்த நிலையிலேயே விட்டு, மேலே ஒரு சவ்வை ஒட்டி ஐ.சி.யூ.வுக்கு அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் நெஞ்சு மூடப்படுகிறது. ஒன்பதாம் நாள் புண்ணின் கீழ்முனை சிவந்து லேசாகக் கசிகிறது. இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் காத்திருக்க விரும்பாமல் வான்கோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கைத் தொடங்குகிறார். மறுநாள் காலை கசிவு கல்ச்சருக்குப் போகிறது. கிருமி எதுவும் வளரவில்லை. பத்து நாளில் புண் ஆறி, குழந்தை வீடு திரும்புகிறது.

இந்தச் சிசுவுக்குத் தொற்று வந்ததா? கசிவைச் செவிலியர் 'சீழ்' என்று எழுதியிருந்தால் வந்தது. 'நீர்க்கசிவு' என்று எழுதியிருந்தால் அந்த வழி அடைபடுகிறது. மருந்து முந்திக்கொண்டதால் கல்ச்சர் வழியும் அடைபட்டது. மிஞ்சுவது மருத்துவரின் குறிப்பு. அவர் 'அறுவைப் புண் தொற்று' என்று எழுதினால் எண்ணப்படும். 'செல்லுலைட்டிஸ்' என்று மட்டும் எழுதினால் எண்ணப்படாது, ஏனெனில் வெறும் சிவப்பும் வீக்கமும் வரையறைக்குப் போதா என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. குழந்தையின் உடலில் நடந்தது ஒன்றுதான். கணக்கில் அது ஒன்றாகவோ பூஜ்யமாகவோ பதிவாவது இரவு இரண்டு மணிக்கு யார் என்ன எழுதினார் என்பதைப் பொறுத்தது.

நெஞ்சைத் திறந்து வைத்திருந்ததும் கணக்கைப் பாதிக்கிறது. அறுவை அரங்கை விட்டு வெளியேறும் முன் தையலிட்டு மூடப்பட்ட புண்களை மட்டுமே ஒரு காலத்தில் இந்த வலையமைப்பு கணக்கில் கொண்டது. அதாவது, தொற்று ஆபத்து மிக அதிகமுள்ள, நெஞ்சு திறந்த சிசுக்கள் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. 2010களின் நடுவில் விதி திருத்தப்பட்டு அவர்களும் உள்ளே வந்தார்கள். அதே கீறல் வழியாக மறுபடி அறுவை நடந்தால் பழைய அறுவைக்கான கண்காணிப்பு முடிந்து புதிய அறுவையிலிருந்து நாள் எண்ணப்படும் என்ற விதியும் உண்டு. மூன்று முறை நெஞ்சு திறக்கப்பட்ட குழந்தைக்கு எந்த அறுவையால் தொற்று வந்தது என்று மருத்துவ ரீதியாகச் சொல்ல முடியாது. விதி கடைசி அறுவையின் பேரில் எழுதிவிடுகிறது.

ரத்தத் தொற்றில் சிக்கல் இன்னும் கூர்மையானது. மூன்று கிலோ சிசுவின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 மில்லிதான். கல்ச்சருக்கு ஒரு மில்லி எடுப்பதற்கே மருத்துவர் தயங்குவார். இரண்டு முறை எடுப்பது அரிது. ஆனால் தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி வளர்ந்தால், தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரிகளில் அது தென்பட்டால்தான் தொற்றாக எண்ண வேண்டும் என்பது விதி. 2008க்கு முன் ஒரே மாதிரியில் வளர்ந்து, மருத்துவர் சிகிச்சை தொடங்கியிருந்தாலும் போதுமானதாக இருந்தது. மாசுபட்ட மாதிரிகளைக் கழிக்கவே இந்தத் திருத்தம் வந்தது. பெரியவர்களிடம் அது நியாயமாகவே வேலை செய்கிறது. சிசுக்களிடமோ, ஒரே ஒரு மாதிரி எடுக்கும் பழக்கமுள்ள ஐ.சி.யூ.வின் தொற்று விகிதம் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தை அந்தக் கணக்கில் தொற்றில்லாத குழந்தை.

இதய அறுவைக்கே உரிய இன்னொரு விலக்கு உண்டு. அறுவையின்போது நெஞ்சுச் சுவர் வழியாக இதயத்தின் மேலறைக்குள் நேரடியாக வைக்கப்படும் குழாயை இந்த விதிகள் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செலுத்தப்படும் குழாய்) என்று ஏற்பதில்லை. இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் ஈ.சி.எம்.ஓ. இயந்திரத்தில் இருக்கும்போது வரும் ரத்தத் தொற்றும் சென்ட்ரல் லைன் தொற்றுக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. மருத்துவமனைகளை நியாயமாக ஒப்பிடுவதற்கு இவற்றுக்குத் தர்க்கம் இருக்கிறது. ஆனால் மிகக் கடுமையான நோயுற்ற குழந்தைகள்தான் இந்த விலக்குகளில் அடுத்தடுத்து வெளியேறுகிறார்கள் என்பதை விகிதத்தைப் படிப்பவர் அறிய வேண்டும்.

மூன்று ஏடுகள், மூன்று பட்டியல்கள்

ஒரு பெரிய மருத்துவமனையில் ஒரே தொற்று மூன்று இடங்களில் பதிவாகலாம். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் ஆய்வக முடிவுகளிலிருந்து தொடங்கித் தேடுகிறார். அறுவைப் பிரிவின் தரவு மேலாளர், நெஞ்சக அறுவை வல்லுநர் சங்கத்தின் பிறவி இதய நோய்ப் பதிவேட்டைப் போன்றவற்றுக்காக, ஒவ்வொரு அறுவையின் பின்விளைவுகளையும் குறிக்கிறார். பில்லிங் பிரிவு காப்பீட்டுக்காக நோய்க்குறியீடுகளை இடுகிறது. மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஆண்டு முழுவதும் வேலை செய்யலாம்.

இந்த ஏடுகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வுகள் உண்டு. பிறவி இதய அறுவைக்குப் பிந்தைய புண் தொற்றைப் பில்லிங் குறியீடுகளிலிருந்து எண்ணினால் விகிதம் பிழையாகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: குறியீடு எழுதுபவர் கேட்பது 'எதற்காகப் பணம் கோரலாம்' என்ற கேள்வி, தேதி, ஆழம், எந்த அறுவை என்பவை அவருக்குத் தேவையில்லை. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு, அறுவைப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட குழந்தைகளின் பட்டியலைத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தேடலோடு இணைத்தால் கண்டறிதல் மேம்படுகிறது என்று வாதிட்டது. ஓர் ஏடு தவறவிடுவதை மற்றது பிடிக்கிறது.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது உதவும். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். 1000 அறுவைகள், உண்மையில் தொற்று வந்த குழந்தைகள் 30 பேர். கண்காணிப்பு அவர்களில் 70 சதவீதத்தினரைப் பிடிக்கிறது என்றால் 21 பேர். தொற்றில்லாத 970 பேரில் 2 சதவீதத்தினரைத் தவறாகத் தொற்று என்று குறித்தால் ஏறக்குறைய 19 பேர். அறிக்கையில் 40 என்று வரும். உண்மையான 30க்கு வெகு தொலைவில் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த 40 பெயர்களில் பாதி தவறானவை. தொற்று வந்த 9 குழந்தைகள் பட்டியலிலேயே இல்லை. தவறான பெயர்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாக இருந்திருந்தால் மொத்தம் 30 என்றே வந்திருக்கும்; யாருக்கும் ஐயம் எழாது. பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வது எண்ணுக்கு நல்லது. காரணத்தைத் தேடுபவருக்கு அது கேடு. எந்த அறுவை அரங்கு, எந்தக் கிருமி, எந்த வாரம் என்று ஆராய உட்காரும்போது கையில் இருப்பது பாதி தவறான பட்டியல்.

தேடினால் கிடைக்கும்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றி 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இத்துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. 16 பிரிவுகளில் ரத்தத் தொற்றை எப்படித் தேடுகிறார்கள் என்று விசாரித்தபோது, தேடும் முறை பிரிவுக்குப் பிரிவு பெரிதும் வேறுபட்டது. தீவிரமாகத் தேடிய பிரிவுகளில் விகிதம் உயர்ந்திருந்தது. அதே ஆண்டு 'ஜாமா' இதழில் வந்த ஆய்வு நான்கு மருத்துவ மையங்களின் 20 ஐ.சி.யூ.க்களை எடுத்துக்கொண்டது. தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் கொடுத்த விகிதத்தையும், அதே தரவில் கணினி நெறிமுறை ஒன்று கொடுத்த விகிதத்தையும் ஒப்பிட்டார்கள். மனிதர் கணக்கில் மிகக் குறைந்த விகிதம் காட்டிய மையம் (லைன் பொருத்தியிருந்த 1000 நாளுக்கு 2.4), கணினிக் கணக்கில் மிக உயர்ந்த விகிதம் (12.6) காட்டியது. கணினிதான் சரி என்று இதற்குப் பொருளில்லை. நோயாளியைப் பார்த்து முடிவெடுப்பவருக்குத் தெரிவது நெறிமுறைக்குத் தெரியாது. ஆனால் தரவரிசை தலைகீழாவதை விளக்க, தேடும் முறையின் வேறுபாட்டைத் தவிர வேறு காரணத்தை நான் காணவில்லை.

இந்த வெளிச்சத்தில்தான் புகழ்பெற்ற வெற்றிகளையும் படிக்க வேண்டும். மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் நடந்து 2006இல் வெளியான திட்டத்தில், லைன் தொற்றின் இடைநிலை விகிதம் 1000 நாளுக்கு 2.7இலிருந்து மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. கைகழுவுதல், முழு மறைப்பு, குளோர்ஹெக்சிடின் முதலியவை தொற்றைக் குறைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பூஜ்யம் என்பது இலக்கான பிறகு, எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு கேஸை எந்தப் பக்கம் எழுதுவது என்ற தீர்ப்பு நடுநிலையாக இருக்குமா என்பதே என் கவலை.

வீட்டுக்குப் போன பிறகு

சி.டி.சி. விதி 90 நாள் என்கிறது. அறுவை முடிந்த குழந்தை சிக்கலில்லாவிட்டால் ஓரிரு வாரத்தில் வீடு திரும்புகிறது. மீதி நாள்களில் அதைப் பார்ப்பவர் யார்?

இந்தியாவில் இந்தக் கேள்வி எடை கூடியது. அரசுக் காப்பீட்டாலும், 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தாலும், கேரளத்தின் 'ஹ்ருத்யம்' திட்டத்தாலும் கிராமத்துக் குழந்தைகள் பெருநகர மையங்களில் அறுவை பெறுவது பெருகியிருக்கிறது. தருமபுரியின் மலைக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து போன குழந்தைக்கு மூன்றாம் வாரம் புண் வாய் பிளந்தால், தாய் முதலில் போவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஊர் டாக்டரிடமோதான். அங்கே கட்டுப் போட்டு, சிரப் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் செய்தி சென்னைக்குப் போவதற்கான வழி எதுவும் தானாக அமைந்திருக்கவில்லை. மறு பரிசோதனைக்கு வராத குழந்தையைக் கணக்கு 'தொற்றில்லை' என்று எடுத்துக்கொள்கிறது. தெரியாததை இல்லையென்று எழுதும் இந்தப் பழக்கம், தொலைவிலிருந்து ஏழைக் குழந்தைகள் அதிகம் வரும் மருத்துவமனையைத்தான் மிகச் சுத்தமானதாகக் காட்டும்.

வளரும் நாடுகளின் தரவுகளில் முக்கியமானது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையை மையமாகக் கொண்ட ஐ.க்யூ.ஐ.சி. என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் பதிவேடு. இந்திய மையங்களும் அதில் உண்டு. 2010–2012 ஆண்டுகளுக்கான அதன் ஆய்வொன்றில், 14,545 அறுவைகளில் 5.5 சதவீதத்தில் பாக்டீரியா செப்சிஸும் 2.1 சதவீதத்தில் அறுவைப் புண் தொற்றும் பதிவாயின. தொற்று வந்தவர்களில் மருத்துவமனை இறப்பு 16.7 சதவீதம், வராதவர்களில் 5.3. இந்த இடைவெளி முழுவதையும் தொற்றின் விளைவாகப் படிப்பது அவசரம். கடுமையாக நோயுற்ற குழந்தை ஐ.சி.யூ.வில் அதிக நாள் இருக்கிறது. அதனால் தொற்றும் வருகிறது, அதிகமாகக் கல்ச்சரும் எடுக்கப்படுகிறது. பார்வையில் இருக்கும் குழந்தையின் தொற்று பிடிபடுகிறது. நலமாக வீடு சென்ற குழந்தையின் தொற்று பிடிபடுவதில்லை.

சிறிய எண்களும் நீண்ட ஆண்டுகளும்

ஆண்டுக்கு 60 அறுவை செய்யும் மையத்தில் ஆழமான தொற்று ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எளிய புள்ளியியல் விதிப்படி, உண்மை விகிதம் 5 சதவீதம்வரை இருந்தாலும் இப்படிப் பூஜ்யம் வர வாய்ப்பு உண்டு. அடுத்த ஆண்டு மூன்று வந்தால் தரம் சரிந்தது என்றும் சொல்ல முடியாது.

விகிதம் மட்டும் பார்ப்பதன் ஆபத்தைச் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையின் நிகழ்வு காட்டுகிறது. 2018 முதல் அங்கே அறுவை பெற்ற குழந்தைகளிடம் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்று தெரிந்தது. பழைய ஏடுகளைப் புரட்டியபோது 2001 முதல் 2014 வரை 7 குழந்தைகளுக்கு அதே தொற்று வந்ததையும், அவர்களில் 5 பேர் இறந்ததையும் மருத்துவமனை 2019 நவம்பரில் அறிவித்தது. ஒவ்வொன்றும் தனித்த நிகழ்வு என்று அப்போது கருதப்பட்டிருந்தது. அறுவை அரங்கின் காற்றோட்ட அமைப்பே காரணமாக இருந்திருக்கலாம் என்பது பின்னால்தான் தெளிவானது. இரண்டாண்டுக்கு ஒன்று என்ற வேகத்தில் வரும் தொற்று எந்த ஆண்டறிக்கையிலும் உறுத்தாது. இதய அறுவையில் ரத்தத்தின் வெப்பத்தைச் சீராக்கும் கருவியிலிருந்து பரவிய மைக்கோபாக்டீரியம் கிமேரா, சூரிச்சில் முதலில் அடையாளம் காணப்பட்டு, பெரும்பாலும் பெரியவர்களைத் தாக்கியது. அறுவைக்குப் பல மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து நோய் தலைகாட்டியதால் 90 நாள் வலையில் அது சிக்கவே முடியாது. விகிதத்தோடு கிருமியின் பெயரையும் ஆண்டுக்கணக்கில் தொடரும் ஏடு இல்லாமல் இத்தகையவை பிடிபடா.

ஒரு மறுப்பும் அதன் வலுவும்

இவ்வளவு குறையுள்ள தரவை வைத்திருப்பதைவிட அந்த நேரத்தை நோயாளியிடம் செலவிடலாமே என்று ஐ.சி.யூ. செவிலியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. குறையுள்ள கணக்கும் பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. 1970களில் அமெரிக்காவில் நடந்து 1985இல் முடிவு வெளியான செனிக் ஆய்வு, தீவிரக் கண்காணிப்பும் கட்டுப்பாடும் கொண்ட திட்டங்களால் மருத்துவமனைத் தொற்று 32 சதவீதம் குறையக்கூடும் என்று கணித்தது. ஐ.க்யூ.ஐ.சி.யின் 28 மையங்களில், நோயின் கடுமைக்கு ஏற்பத் திருத்திய தொற்று விகிதம், 2010இன் அளவை 1 என்று கொண்டால், 2012இல் 0.65ஆகக் குறைந்தது. இதை வெறும் பதிவுப் பிழை என்று நான் தள்ளமாட்டேன். ஏனெனில் அதே காலத்தில் மறைக்க முடியாத எண்ணான இறப்பும் 0.80ஆகக் குறைந்தது. ஒரே மையம், ஒரே தேடல் முறை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீடு என்றால் குறையுள்ள கணக்கும் வழிகாட்டும். மையங்களுக்கு இடையே தரவரிசை போடும்போதுதான் அது பொய்யாகிறது.

தரவு இருப்பதே போதும் என்ற எண்ணத்துக்கும் வரலாறு பதில் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1991–1995 காலத்தில் இதய அறுவைக்குப் பின் எதிர்பார்த்ததைவிட ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் அதிகமாக இறந்ததை 2001இல் வெளியான கென்னடி விசாரணை அறிக்கை பதிவு செய்தது. அங்கே தரவுக்குப் பஞ்சமில்லை. பல ஏடுகள் இருந்தன, அவற்றைச் சேர்த்துப் படித்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை. மறுபக்கம், 2013 மார்ச்சில் லீட்ஸ் நகரில் குழந்தைகள் இதய அறுவை சில நாள் நிறுத்தப்பட்டது. இறப்பு அதிகம் என்று காட்டிய தரவு முழுமையற்றது என்று பின்னர் தெரிந்து, ஏப்ரலில் அறுவை மீண்டும் தொடங்கியது. இறப்பைப் போன்ற தெளிவான விளைவிலேயே விடுபட்ட பதிவுகள் இவ்வளவு குழப்பம் விளைவிக்கும் என்றால், தொற்றில் எவ்வளவு விளைவிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதைச் சேர்த்து அச்சிட வேண்டும்?

இங்கிலாந்தின் தேசியப் பிறவி இதய நோய்த் தணிக்கையில் வெளியாட்கள் மருத்துவமனைக்கு நேரில் சென்று கேஸ் ஷீட்டுகளைப் பதிவோடு ஒப்பிட்டு, தரவின் தரத்துக்கே ஒரு மதிப்பெண் இடுகிறார்கள். தொற்றுக்கும் இது வேண்டும்; ஒரு திருத்தத்தோடு. தொற்று என்று குறிக்கப்பட்ட கேஸ்களை மறுபடி படிப்பது எளிது, அவை சிலவே. தொற்றில்லை என்று குறிக்கப்பட்டவற்றிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்துப் படித்தால்தான் விடுபட்டவை தெரியும். வான்கோமைசின் ஐந்து நாளுக்கு மேல் பெற்றவர்கள், மறுபடி நெஞ்சு திறக்கப்பட்டவர்கள், 90 நாளுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் ஆகியோரின் ஏடுகளிலிருந்து தொடங்கினால் குறைந்த உழைப்பில் அதிகம் அகப்படும்.

விகிதத்தின் பக்கத்திலேயே வேறு மூன்று எண்களும் வர வேண்டும்: 90ஆம் நாளில் எத்தனை சதவீதக் குழந்தைகளின் நிலை உண்மையில் தெரியவந்தது, ரத்தத் தொற்று ஐயத்தில் எத்தனை சதவீதத்தினரிடம் இரண்டு மாதிரி எடுக்கப்பட்டது, மறுவாசிப்பில் எத்தனை தொற்றுகள் புதிதாகக் கிடைத்தன. முதல் எண்ணை உயர்த்தத் தமிழ்நாட்டில் ஆள் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஏற்கெனவே போகிறார். 30ஆம் நாளும் 90ஆம் நாளும் புண்ணைப் பார்த்து, படம் எடுத்து, அறுவை நடந்த மருத்துவமனைக்கு அனுப்புவதை அவர் பணியில் முறையாகச் சேர்க்கலாம். அதைப் பெற்றுப் பதிவு செய்ய மருத்துவமனையில் பெயர் குறித்து ஒருவர் இருக்க வேண்டும். அப்படிச் செய்யும் மையத்தின் தொற்று விகிதம் முதல் ஆண்டில் நிச்சயம் ஏறும். அந்த ஏற்றத்துக்காக மதிப்பெண் குறைக்கப்படாது என்று தரச்சான்று நிறுவனங்களும் காப்பீட்டுத் திட்டங்களும் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும்.